குங் ஃபூ பாண்டா 4: வாரிசு வந்தாயிற்று, பயிற்சி எங்கே?

குங் ஃபூ பாண்டா நான்காம் பாகத்தைக் குழந்தைகளோடு உட்கார்ந்து தாராளமாகப் பார்க்கலாம். சிரிப்பு இருக்கிறது, சண்டை இருக்கிறது, 94 நிமிடத்தில் முடிந்தும் விடுகிறது. முதல் மூன்று பாகங்களையும் மனதுக்கு நெருக்கமாக வைத்திருப்பவர்களுக்குத்தான் சிக்கல். 2024 மார்ச்சில் படம் வந்ததிலிருந்து என்னைச் சுற்றி இருப்பவர்களிடம் இந்தப் பேச்சு ஓயவில்லை. சின்னப் பிள்ளைகள் ஒரு கட்சி, அவர்களுடைய அண்ணன்மார் அக்காமார் ஒரு கட்சி, பெற்றோர் இன்னொரு கட்சி. எல்லோர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் படத்தின் உண்மையான குறையை யாரும் நேராகத் தொடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் மதுரையில் சிலம்பம் கற்றுக்கொடுக்கிறேன். சாயங்காலம் ஆனால் பள்ளி மைதானத்தில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கம்போடு வந்து நிற்பார்கள். படத்தின் நாயகனான குண்டுப் பாண்டா போ என்றால் அவர்களுக்கு உயிர். உடம்பு கொஞ்சம் பெருத்த பையனை யாராவது கேலி செய்தால், "அவன் போ மாதிரிடா, பாத்துக்கிட்டே இரு" என்று இன்னொருவன் பரிந்துகொண்டு வருவான். எந்த உடம்பை வைத்துக்கொண்டும் கற்றுக்கொள்ளலாம் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் மனதில் ஏறாதது, அந்தப் பாண்டா ஒருமுறை உருண்டு எழுந்தால் ஏறிவிடுகிறது. அதனால் இந்தத் தொடரை நான் வெறும் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை. கற்பதையும் கற்பிப்பதையும் பற்றி இவ்வளவு அன்போடு பேசிய அனிமேஷன் தொடர் வேறு எனக்குத் தெரியாது.

இனிமேல் கதையின் பின்பாதியையும் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

டிராகன் வீரனான போ இனி அமைதிப் பள்ளத்தாக்கின் ஆன்மிகத் தலைவனாக உயர வேண்டும், தன் இடத்துக்கு ஒரு வாரிசைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார் குரு ஷிஃபு. போவுக்கு மனமே இல்லை. சண்டை போடுவதும் மக்கள் கொண்டாடுவதும்தான் அவனுக்குப் பிடித்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஜேட் மாளிகையில் திருட வந்து மாட்டிக்கொள்கிறாள் ஜென் என்கிற நரி. ஜூனிப்பர் நகரத்தை ஆட்டிவைக்கும் பச்சோந்தி ஒருத்தியைப் பற்றி அவள் சொல்கிறாள். யாருடைய உருவத்தையும் எடுக்கக்கூடிய மந்திரக்காரி அந்தப் பச்சோந்தி. போவின் கையில் இருக்கும் ஞானக் கோல் அவளுக்கு வேண்டும். அது கிடைத்தால் ஆவி உலகத்தின் வாசலைத் திறந்து, அங்கே இருக்கும் வீரர்களின் வித்தையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளலாம். போவும் ஜெனும் நகரத்துக்குக் கிளம்புகிறார்கள்.

படம் முடிந்து வெளியே வந்ததும் முதலில் காதில் விழுந்தது "டைக்ரஸ் எங்கே?" என்ற கேள்விதான். கேட்டவர்கள் குழந்தைகள் இல்லை. 2008-இல் முதல் பாகம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்து, இப்போது வேலைக்குப் போகிறவர்கள். என் தம்பிக்கும் அந்த வயதுதான். அவனுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. முந்தைய பாகங்களில் போவோடு சேர்ந்து சண்டை போட்ட டைக்ரஸ், மங்கி, மேன்டிஸ், கிரேன், வைப்பர் என்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு திசையில் வேலையாகப் போயிருக்கிறார்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். "வீட்டுக் கல்யாணத்துக்குச் சித்தப்பா, அத்தை, மாமா ஒருத்தருமே வரலைன்னா எப்படிக்கா இருக்கும்?" என்றான்.

அவன் சொல்வதில் பழைய பாசம் மட்டும் இல்லை. புலி, குரங்கு, கும்பிடுபூச்சி, கொக்கு, பாம்பு ஆகிய ஐந்தும் சீனத் தற்காப்புக் கலையில் உண்மையாகவே இருக்கிற பாணிகள். முதல் பாகத்தில் கயிற்றுப் பாலத்தின் மேல் ஐவரும் வில்லன் டை லங்கோடு மோதும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்து உடம்பும் ஐந்து விதமாக அசையும். ஒன்று பாயும், ஒன்று சுற்றிக்கொள்ளும், ஒன்று சிறகால் தள்ளும். உயரமான பிள்ளைக்கு ஒரு பிடி, குட்டையான பிள்ளைக்கு ஒரு பிடி என்று புரியவைக்க அந்தக் காட்சியை நான் வகுப்பில் போட்டே காட்டியிருக்கிறேன். நான்காம் பாகத்தின் சண்டைகளில் வேகம் நிறைய இருக்கிறது, மலை விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் விடுதிக்குள் நடக்கும் சண்டை நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் இப்படி உடம்புக்கு உடம்பு மாறும் அசைவு குறைந்துவிட்டது. போ ஒருவனே அத்தனையையும் சுமக்கிறான்.

செலவுக் கணக்கைக் காட்டியும் ஒரு பேச்சு நடக்கிறது. மூன்றாம் பாகத்துக்கு ஏறக்குறைய 14.5 கோடி டாலர் செலவு. நான்காம் பாகத்தை 8.5 கோடி டாலரில் முடித்திருக்கிறார்கள். ஐவருக்குக் குரல் கொடுத்த ஏஞ்சலினா ஜோலி, ஜாக்கி சான், லூசி லியூ என்று பெரிய குரல்களை விட்டால் மிச்சம்தானே என்பது தம்பியின் நண்பர்கள் போடும் கணக்கு. அது காரணமா இல்லையா என்பதைப் படம் எடுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும். வசூல் மட்டும் உலகம் முழுவதும் 54 கோடி டாலரைத் தாண்டியது. குறை சொன்னவர்களும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது புரிகிறது. போவை விட்டுவிட முடியாது.

அடுத்த சண்டை வாரிசைப் பற்றி. முதல் பாகத்தில் டிராகன் வீரரை ஷிஃபுவின் குருவான ஆமை ஊக்வே தேர்ந்தெடுக்கும் நாளில், எல்லோரும் டைக்ரஸைத்தான் எதிர்பார்த்தார்கள். வானத்திலிருந்து போ வந்து விழுந்தான். அந்த ஏமாற்றத்தை விழுங்கி, மெல்ல மெல்ல அவனை ஏற்றுக்கொண்டவள் அவள். இரண்டாம் பாகத்தில் பீரங்கி பாயும்போது போவைத் தள்ளிவிட்டுத் தானே அடி வாங்கியவள். வாரிசைத் தேடும் இந்தக் கதையில் அவள் ஊரிலேயே இல்லை. நேற்று சந்தித்த ஒரு திருட்டு நரிக்கு அந்தப் பட்டமா என்று கொதிக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் அவர்களோடு சேரமாட்டேன். டைக்ரஸ் மேல் எனக்கும் பிரியம்தான். ஆனால் கூடவே நின்று பயின்றவருக்குக் கம்பைக் கொடுப்பதால் கலை ஒரு தலைமுறை முன்னால் நகர்ந்துவிடாது. சின்னவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் எதிர்பாராத வாசல் வழியாக வந்த ஒருத்திக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. போவே அப்படி வந்தவன்தானே. நூடுல்ஸ் கடையிலிருந்து மாளிகைக்கு வந்த பாண்டா, தெருவிலிருந்து வந்த அநாதை நரியைத் தேர்ந்தெடுப்பது இந்தத் தொடரின் மனதுக்கு ரொம்பப் பொருத்தமான விஷயம்.

அப்புறம் எங்கே இடிக்கிறது? போ அவளுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அதுதான் என் குறை.

முதல் பாகத்தை மறுபடி எடுத்துக்கொள்கிறேன். ஷிஃபு எல்லா வழக்கமான பயிற்சியையும் போவுக்குக் கொடுத்துப் பார்த்துச் சலித்துப்போகிறார். ஒருநாள் சமையலறையில் பார்த்தால், பலகாரத்துக்காக எட்டாத உயரத்து அலமாரியில் தொற்றி ஏறி உட்கார்ந்திருக்கிறான். அந்த ஒரு நொடியில் குருவுக்கு வழி தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிற டம்ப்ளிங் சண்டை, ஒரே ஒரு டம்ப்ளிங்குக்காகக் குச்சிகளை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போடும் அந்தச் சண்டை, கற்பித்தலைப் பற்றி எடுக்கப்பட்ட மிக அழகான காட்சிகளில் ஒன்று என்பேன். கடைசியில் ஜெயித்துக் கையில் வந்த டம்ப்ளிங்கைச் சாப்பிடாமல் "பசிக்கவில்லை" என்று திருப்பித் தூக்கிப் போடுவான் பாருங்கள், அதோடு அவன் மாணவனாகிவிட்டான். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் பாகம் இதை அப்படியே இன்னொரு பக்கத்திலிருந்து காட்டியது. போவை வாத்தியாராக நிற்கவைத்தால், முதல் நாள் வகுப்பிலேயே ஐவரையும் ஒருவர் மேல் ஒருவர் மோதவைத்து ஊரையே சிரிக்கவைப்பான். பிறகு பாண்டா கிராமத்துக்குப் போனதும், அவர்களைத் தன்னைப் போல ஆக்க முயல்வதை விட்டுவிட்டு, அவர்களுக்கு ஏற்கனவே என்ன வருமோ அதையே வித்தையாக்குவான். உருளத் தெரிந்தவர்கள் உருளுவார்கள், கட்டிப்பிடிக்கத் தெரிந்தவர்கள் கட்டிப்பிடித்தே எதிரியை மடக்குவார்கள். அதைப் பார்த்த அன்று, வகுப்பில் சும்மாவே துள்ளிக்கொண்டிருக்கும் ஒரு பையனை அதட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தத் துள்ளலுக்கு ஏற்ற காலடியைக் கொடுத்துப் பார்த்தேன். நன்றாக வந்தான்.

இவ்வளவு தெரிந்த போவுக்கு நான்காம் பாகத்தில் ஒரு மாணவி கிடைக்கிறாள். அவளுக்கு அவன் என்ன பயிற்சி கொடுத்தான்? வழியில் பேசுகிறார்கள். கிண்டலடித்துக்கொள்கிறார்கள். சேர்ந்து ஓடுகிறார்கள், சேர்ந்து அடிக்கிறார்கள். நல்லவளாக இரு என்று அவன் மனதாரச் சொல்கிறான், அவளும் கடைசியில் நல்லவளாகிறாள். ஆனால் உட்கார்ந்து, தவறி, மறுபடி செய்து, ஒருநாள் பளிச்சென்று பிடிபட்டது என்று காட்டும் ஒரு காட்சிகூட நினைவில் நிற்கவில்லை. வாரிசைப் பற்றிய படத்தில் அந்தக் காட்சி இல்லாமல் கோல் மட்டும் கை மாறினால் மனது ஒப்பவில்லை. ஐவர் இல்லாத குறையும் டைக்ரஸுக்காக வரும் கோபமும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் எண்ணம். ஜென் கற்றுக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருந்தால் தம்பி இவ்வளவு கத்தியிருக்கமாட்டான்.

எனக்குக் கம்பு கொடுத்த ஆசானிடம் இதைச் சொன்னேன். பேரப்பிள்ளைகளோடு வீட்டில் உட்கார்ந்து படத்தை ரசித்துப் பார்த்திருக்கிறார். அவர் என் பக்கம் நிற்கவில்லை.

"திருட்டுத் தொழில்ல இருந்தவளுக்கு என்னம்மா புதுசா சொல்லிக் கொடுக்கணும்? சத்தமில்லாம கால் வைக்கத் தெரியும், ஆளைப் பார்த்த உடனே எங்க திரும்புவான்னு தெரியும். பாதிப் பாடம் முடிஞ்சு போச்சு" என்றார்.

"அதைத்தான் ஐயா படத்துல காட்டணும்ங்கறேன். அந்தக் கால் எப்படி வித்தையாச்சுன்னு ஒரு காட்சி வச்சிருக்கலாம்ல?"

"அது சரிதான்" என்று சொல்லிவிட்டு, "ஆனா அந்தப் பொண்ணு நல்லவ" என்று முடித்துக்கொண்டார். ஜென்னை அவருக்குப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருக்க முடியாது, அவ்வளவு உயிரோடு வரைந்திருக்கிறார்கள். காதும் வாலும் ஒன்று சொல்ல, வாய் இன்னொன்று சொல்லும். ஜென்னுக்குப் பேசிய அக்வஃபினாவின் கரகரத்த குரல் சிலருக்கு உறுத்துகிறது. எனக்கு அது தெருவில் வளர்ந்த பெண்ணின் குரலாகவே கேட்டது.

பச்சோந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சரியான வில்லி இல்லை என்பது பலரின் தீர்ப்பு. ஷென் என்ற வெள்ளை மயிலை இரண்டாம் பாகத்தில் பார்த்தவர்களுக்கு யாரைக் காட்டினாலும் குறைவாகத்தான் தெரியும், அது வேறு. ஆனால் இந்தப் பச்சோந்திக்கு எழுதிய பின்கதை தொடரிலேயே கனமானவற்றில் ஒன்று. அவளுக்கும் ஒரு காலத்தில் குங் ஃபூ கற்க ஆசை. உருவம் சின்னது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கற்க விடாத வித்தையைத் திருடியாவது எடுப்பேன் என்று மந்திரத்தின் பக்கம் போனவள் அவள். போவுக்குத் திறந்த கதவு அவளுக்குத் திறக்கவில்லை. குண்டு என்பதற்காகக் கேலி செய்யப்பட்டவன் ஒரு பக்கம், குட்டை என்பதற்காகத் துரத்தப்பட்டவள் மறுபக்கம். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் இது சுருக்கென்று தைக்கும். யாரை வேண்டாம் என்று அனுப்பினோம், அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி வரும்.

இவ்வளவு பெரிய விஷயத்தைப் படம் ஓரிரு வசனத்தில் கடந்துவிடுகிறது. போ அதைக் கேட்டு ஒரு கணம்கூட நின்று யோசிப்பதாக இல்லை. ஜென்னைத் தெருவிலிருந்து எடுத்து வளர்த்து, பிழைக்கக் கற்றுக்கொடுத்ததும் இந்தப் பச்சோந்திதான். ஆக, ஜென்னுக்கு இரண்டு குரு. ஒருத்தி பயத்தில் வைத்துக் கற்பித்தவள், இன்னொருவன் நம்பிக் கூட்டிப் போனவன். இந்த முக்கோணத்தின் மேலேயே படத்தைக் கட்டியிருந்தால் எங்கேயோ போயிருக்கும். பச்சோந்திக்குப் பேசிய வயோலா டேவிஸின் குரல் வேறு அவ்வளவு கம்பீரம். எனக்கு ஆற்றாமை அதிகம் வருவது இங்கேதான்.

பழைய எதிரிகள் திரும்பி வருகிறார்கள் என்றதும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டை லங் வருகிறான், அதே இயன் மெக்‌ஷேன் குரலோடு. வாழ்நாள் முழுக்க டிராகன் வீரர் என்ற பட்டத்துக்காக எரிந்தவன், கடைசியில் போவுக்குத் தலைவணங்கும் இடம் எனக்குப் போதுமானதாக இருந்தது. முதல் பாகத்தில் தீராமல் நின்ற ஒரு கணக்கு அங்கே தீர்ந்தது. ஷென்னும், மூன்றாம் பாகத்து வில்லனான கை (Kai) என்பவனும் வந்து பேசாமலே நின்றுவிட்டுப் போனது ஏமாற்றம்தான். ஷென் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

பெற்றோருக்குப் படம் பிடித்ததற்கு ஒரே காரணம் இரண்டு அப்பாக்கள். வளர்த்த அப்பாவான பிங் என்ற வாத்தும், பெற்ற அப்பாவான லீ என்ற பாண்டாவும் மகனைத் தேடி ஒன்றாகப் புறப்படுகிறார்கள். மூன்றாம் பாகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பொறாமையில் முகம் திருப்பிக்கொண்டவர்கள். இப்போது ஒருவர் பயந்தால் இன்னொருவர் தைரியம் சொல்கிறார். பிங்கின் உடம்பு சின்னது, தைரியம் பெரிது. லீக்கு எல்லாம் நேர்மாறு. பிள்ளை பெரிய வீரனாகிவிட்டான் என்பதெல்லாம் தெரிந்தும், சாப்பிட்டானோ என்னவோ என்று கிளம்பிவிடுகிற மனது அது. வகுப்பு முடியும்வரை மைதானத்து ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு காத்திருக்கும் அப்பாக்களை தினமும் பார்க்கிற எனக்கு, அவர்கள் வந்த காட்சியெல்லாம் தித்தித்தது. ஜேம்ஸ் ஹாங்கும் பிரையன் கிரான்ஸ்டனும் பேசும் விதத்தில் இரண்டு பேரும் பல வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் போலவே இருக்கிறது.

என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், அவர்களுக்கு மூன்று முயல் குட்டிகள் போதும். பஞ்சு போன்ற முகத்தை வைத்துக்கொண்டு அடிதடிக்கு அலையும் அந்த மூன்றையும் நடித்துக் காட்டியே ஒரு வாரம் ஓட்டினார்கள். ஐவர் வராததைப் பற்றி அவர்களில் யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. சின்னவர்களில் பலருக்கு இதுதான் முதலில் தியேட்டரில் பார்த்த பாண்டா படம். அவர்கள் சந்தோஷத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஜூனிப்பர் நகரம் பார்க்க நெரிசலாக, வண்ணமயமாக இருக்கிறது. கூட்டமும் சந்தும் கூரை மேல் துரத்தலும் கண்ணுக்கு நன்றாக இருக்கின்றன. ஹான்ஸ் ஜிம்மரும் ஸ்டீவ் மஸாரோவும் போட்ட இசை ஓட்டத்துக்குத் துணை நிற்கிறது, அவ்வளவே. கம்பு பிடிப்பவள் என்பதால் ஒரு ஆசை எனக்கு மிச்சம் இருக்கிறது. ஞானக் கோலை வைத்துப் போ இன்னும் கொஞ்சம் சுற்றியிருக்கலாம். அதை எடுத்து அடிக்கிற இடங்கள் உண்டு, ஆனால் கதைக்கு அது பெரும்பாலும் ஒரு சாவியாகவே பயன்படுகிறது.

வீட்டில் பார்க்கப்போகிறவர்களுக்கு: முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் முன்னாடியே காட்டிவிடுங்கள். டை லங் யார், இரண்டு அப்பாக்கள் எப்படி வந்தார்கள் என்பது தெரியாமல் இதைப் பார்த்தால் பாதி விஷயம் பிடிபடாது. இரண்டாம் பாகத்தைக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் சோகம் அதிகம். நான்காம் பாகத்தில் பச்சோந்தி உருவம் மாறும் இடங்களிலும், வித்தையை உறிஞ்சும் இடத்திலும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயப்படலாம், பக்கத்தில் இருங்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடாதீர்கள். ஐவரும் அங்கேதான் வருகிறார்கள், ஜென்னும் அங்கேதான் பயிற்சிக்கூடத்தில் நிற்கிறாள். படத்துக்குள் ஒரு பத்து நிமிடமாவது வந்திருக்க வேண்டிய காட்சி அது. ஐந்தாம் பாகம் எடுத்தால் அங்கிருந்தே தொடங்கட்டும்.